சன்னலில் ஒட்டிய இரண்டு தாள்கள்

சென்ற வாரம் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரெஜினாவின் தம்பி எதிரே வந்து நின்றார். "அக்கா நேத்து காலையில தவறிட்டாங்க" என்றார். நேற்றுக் காலை மழை பெய்ததா என்று யோசித்தேன். அது எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்களில் பலர் அவரைப் பிடோக் தேவாலயப் பாடகர் குழுவில் பார்த்திருப்பீர்கள். எழுபதுகளின் இறுதியில் ஜூரோங்கில் ஒரு மரக்கூழ் இறக்குமதி அலுவலகத்தில் அவர் வரைபடக்காரர். நான் பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே புள்ளிவிவரம் பார்க்கச் சேர்ந்தவன். எதற்கும் பொறுமை கிடையாது.

காகிதம் செய்வதற்காகக் கப்பலில் வரும் மரக்கூழ், கெட்டியான வெள்ளை அட்டைபோல இருக்கும். அதில் ஒரு துண்டை ரெஜினா மேசையில் வைத்திருந்தார். ஈரக்காற்றில் அது லேசாக ஊதும். "பனியில நின்ன மரம், பாவம், நம்ம ஊர்ல வேர்க்குது பாருங்க" என்பார். ஐரோப்பாவுக்கு நீல மை, ஆசியாவுக்குப் பச்சை. இறக்குமதிக் கணக்கின் ஏற்ற இறக்கக் கோடுகளை மெல்லிய தாள்களில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் ஒட்டித் தலைசாய்த்துப் பார்ப்பார். பின்னால் கடல், கப்பல்கள். மதிய மழையில் அந்தக் கோடுகளே நீரில் மிதப்பதுபோல் தோன்றும். எனக்கு எரிச்சலாக வரும். நாளைக்கு அறிக்கை கொடுக்கவேண்டும், இவர் கனவு காண்கிறாரே!

ஐரோப்பாவும் ஆசியாவும் பத்தாண்டுகளில் இறக்குமதி செய்த மரக்கூழின் மதிப்பை ஒப்பிடச் சொன்னார்கள். ஆசியாவின் தேவை வளர்கிறதென்றால் பெரிய கிடங்கு கட்டுவார்கள். என் முதல் பெரிய அறிக்கை. எழுபதுகளின் நடுவில் இரண்டு கோடுகளும் எழும்பின, ஆசியாவினுடையது செங்குத்தாக. 'ஆசியா காகிதத்தை விழுங்குகிறது' என்று எழுதிவிட்டேன்.

கூட்டத்தன்று காலை பார்த்தால், வரைபடம் இன்னும் பென்சிலில்தான் இருந்தது.

"ஏன் மை போடல?"

"பென்சில்னா அழிச்சுடலாம். மைன்னா சுரண்டணும். ரெண்டு கோடும் ஒரே வருஷத்துல குதிக்குது. ரெண்டு பக்கத்து ஜனங்களும் பேசி வச்சுக்கிட்டா நோட்டு வாங்கினாங்க?"

"வரையறது உங்க வேலை, ரெஜினா. கணக்கு என் வேலை."

"சரிங்க இன்ஜினியர். உங்க வேலையத்தான் சன்னல்ல ஒட்டியிருக்கேன். வந்து பாருங்க."

ஆசியாவின் மதிப்புத் தாள்மேல், அதே ஆண்டுகளில் வந்திறங்கிய சரக்கின் எடைத் தாளை ஒட்டியிருந்தார். மதிப்பு மேலே மேலே போனது. எடை, காற்றில்லாத நாளின் கடல்போலக் கிடந்தது. "விலைதான் ஏறியிருக்கு லா. கப்பல் கூலியும் சேர்ந்திருக்கு. சரக்கு ஏறல."

அரைமணி நேரத்தில் அறிக்கையைத் திருத்தினேன். அவர் மை போட்டார். கிடங்குத் திட்டம் நின்றது. மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். ரெஜினா மேசையின் கோடியில் தாள்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு பதவி உயர்வும் வந்தது.

"நாளைக்கு மேலாளர்கிட்ட சொல்லிடறேன்" என்றேன், கூட்டம் முடிந்து வெளியே வந்ததும்.

"சொல்றதா இருந்தா உள்ளயே சொல்லியிருப்பீங்க லா. நாசி லெமாக் வாங்கிக் குடுங்க, பசிக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. நான் வேறு வேலைக்குப் போனேன். போகும்போது அந்த மூலப்படத்தை ரெஜினாதான் என் கையில் கொடுத்தார். "உங்க படம்தானே" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அதை எடுத்தேன். மூலையில் இரண்டு கட்டங்கள். வரைந்தவர் என்பதில் அவர் பெயர். சரிபார்த்தவர் என்பதில் என் கையொப்பம், மையில். பிளேடால் சுரண்டினேன். பொறுமையாகச் செய்யத் தெரியாததால் தாள் கொஞ்சம் தேய்ந்துபோனது. அங்கே ரெஜினா என்று எழுதினேன். பழைய மேலாளருக்கும் நடந்ததை எழுதி அனுப்பியிருக்கிறேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

அந்தத் தாள் என் வீட்டுச் சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. காலையில், சுரண்டிய இடத்தில் அவர் பெயரைச் சுற்றி மட்டும் வெளிச்சம் சற்று அதிகமாக வருகிறது.