கடலைக் கொல்லையில் தொங்கிய டிவிடி

என் வலது கையை இன்றைக்கும் காதுக்கு மேல் தூக்க முடியாது. பதினாறு வயசிலிருந்து இருபத்திரண்டு வரை குவாரியில் கல் சுமந்த தோள். மழை வந்தால் வலிக்கும், வெயில் அடித்தால் வலிக்கும், சும்மா இருந்தாலும் வலிக்கும். வெடி வைத்த பாறைக்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால், "போய் வேலையப் பாருடா" என்பேன். இப்போது நான் சொல்லப்போவதற்கு என்னிடமே அந்தப் பதில் இல்லை. நம்பினால் நம்புங்கள். போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. ராத்திரி இல்லை. பட்டப்பகல்.

குவாரியை விட்டு வந்து புதுக்கோட்டையில் வீடியோ கடை போட்டேன். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எல்லாம் எடுப்பேன். முன்பெல்லாம் டிவிடி போட்டுக் கொடுப்போம். அப்புறம் அதை நிறுத்திவிட்டேன். படத்தை நெட்டில் ஏற்றி, லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று மாசத்துக்குள் அவர்கள் டவுன்லோடு பண்ணிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு லிங்க் திறக்காது.

வல்லத்திராக்கோட்டை கண்ணன் கத்தாரில் கம்பி கட்டுகிறவன். அந்தக் காசில் ஊரில் வீடு கட்டி 2022 ஆவணியில் குடிபோனான். வீடியோ நான்தான். பேசும்போதே அஞ்சு டிவிடி வேண்டும் என்றான். அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினேன். கொடுத்தது லிங்க்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் போன் பண்ணினான்.

"வசந்தண்ணே, டிவிடி எங்கண்ணே?"

"இந்தக் காலத்துல எவன்டா டிவிடி பாக்குறான்? டவுன்லோடு பண்ணிக்க."

"நான் பண்ணிட்டேண்ணே. ஆத்தாகிட்ட பட்டன் போனுதானே இருக்கு? அதுக்கு டிவிடி பிளேயரு மட்டுந்தான் போடத் தெரியும்."

"அடுத்த லீவுக்கு வா. போட்டுத் தர்றேன்."

அடுத்த தடவை அவன் பெட்டியில் வந்தான். தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு என்று பேப்பரில் எழுதியிருந்தது. வயசு இருபத்தொன்பது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 10.30க்கு அவன் அம்மா பிச்சையம்மாள் கடைக்கு வந்தார். களை எடுத்துக் காய்த்துப்போன கையில் அவனுடைய போன் இருந்தது.

"இதுக்குள்ள இருக்குன்னாங்க தம்பி. ஆனா அவன் விரலை வச்சாத்தான் தொறக்குமாம்."

அந்த விரலை எரித்து ஒரு வருசம் ஆகப்போகிறது.

"போட்டோதான் வீடு பூரா மாட்டிருக்கீங்களேம்மா" என்றேன்.

"போட்டோ பேசுமாய்யா? அன்னைக்கி மைக்கப் புடிச்சுக்கிட்டு ஆத்தா ஆத்தான்னு என்னமோ பேசினான். நான் அடுப்படியில கெடந்தேன். கடைசியில எல்லாரும் கைதட்டுனதுதான் கேட்டுச்சு. வெள்ளிக்கெழமை தெவசம். அவன் என்ன பேசினான்னு ஒரே ஒரு தடவ நான் கேக்கணும்."

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா தம்பி?" என்றும் கேட்டார்.

அவன் பேசின ரெண்டு நிமிசமும் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் நான். வெளிச்சத்தைப் பார்த்தேன். சத்தம் பதிவாகிறதா என்று பார்த்தேன். என்ன பேசினான் என்று கேட்கவில்லை.

லிங்க் எப்போதோ போய்விட்டது. ஹார்டு டிஸ்க்கில் இருந்ததை, முகூர்த்த சீசனில் இடம் பத்தவில்லை என்று நானே அழித்திருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணன் கேட்ட அஞ்சில் ஒரே ஒரு டிவிடியில் அவன் பேரை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். அது எங்கே? எடிட்டிங் பார்க்கிற சூசைராஜைக் கேட்டேன்.

"பழைய டிஸ்க்கு பண்டலா? அது மயிலுக்குப் படம் காட்டப் போயி ரெண்டு மாசமாச்சே!"

வல்லத்திராக்கோட்டை ஆண்டியப்பன் கடலைக் கொல்லையில் கட்ட அள்ளிக்கொண்டு போயிருந்தார். இங்கே எல்லாரும் செய்வதுதான். டிஸ்க்கை நூலில் தொங்கவிட்டால் வெயிலில் பளிச் பளிச்சென்று அடிக்கும், மயில் மிரண்டு ஓடும். போன் போட்டேன். "கொல்லையிலதான் தொங்குது, அத்துக்கிட்டுப் போங்க. நான் அறந்தாங்கியில நிக்கிறேன்" என்றார்.

பிச்சையம்மாளை பஸ் ஏற்றிவிட்டேன். ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லிங்க்கு கிங்க்குன்னு சொல்லாதய்யா. கையில குடு."

12.05க்குக் கொல்லையில் வண்டியை நிறுத்தினேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. கிணற்று மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாகக் குச்சி நட்டு, கயிறு இழுத்து, அறுபது எழுபது டிஸ்க் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பேரைப் படித்துக்கொண்டே போனேன்.

12.11. மோட்டார் நின்றது. கரண்டு போயிருக்கும் என்று நினைத்தேன்.

12.15. டிக்... டிக்... டிஸ்க்குகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம். காற்றுதான் என்று நிமிர்ந்தேன். ஒரு கடலை இலைகூட ஆடவில்லை.

12.19. டிஸ்க்கின் மினுக்குப் பக்கத்தில் என் உருவம் தெரிந்தது. மெரூன் சட்டை. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு. வெயில் பட்டுத் தெரிகிறது என்று அடுத்ததைப் பிடித்தேன். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. கொஞ்சம் பெரிசாக...

12.23. முட்டுகிற சத்தம் நின்றது. எல்லா டிஸ்க்கும் அப்படியே நின்றன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கிட்டே போனேன். ஈரச் சிமெண்டு வாடை அடித்தது. பக்கத்தில் எங்கேயும் கட்டடம் இல்லை.

பிடித்து நிறுத்தினேன். "கண்ணன் இல்லம்." என் கையெழுத்துதான்.

நூலை அறுத்தேன். பிடரி சில்லிட்டது. பங்குனி வெயிலில்... சில்லிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

12.50க்குப் பிச்சையம்மாள் வீட்டில் இருந்தேன். ஹாலில் கண்ணன் வாங்கிக் கொடுத்த டிவியும் பிளேயரும் துணி போட்டு மூடியிருந்தன. துணியை எடுத்து, டிஸ்க்கைச் சேலைத் தலைப்பில் துடைத்து, அவரே போட்டார். டிஸ்க் இல்லை என்று காட்டியது. மறுபடி போட்டார். இல்லை.

"தள்ளுங்கம்மா, வெயில்ல வீணாப் போயிருக்கும்" என்றேன்.

"நீ சும்மா இரு" என்று மூன்றாவது தடவை போட்டார்.

1.02. படம் வந்தது.

வீடு இல்லை. பந்தல் இல்லை. வானம். பிறகு ஒரு குச்சி. பிறகு கடலைக் கொல்லை. பிறகு வானம். படம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கொல்லை மறுபடி வந்தபோது தூரத்தில் ஒருத்தன் டிஸ்க்குகளைப் புரட்டிக்கொண்டு வந்தான்.

மெரூன் சட்டை.

நான்தான்.

வானம். குச்சி. கொல்லை. நான் கொஞ்சம் கிட்டே. எனக்குப் பத்தடி பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வீடு குடிபோன அன்றைக்குப் போட்டிருந்தது. நான் நின்றால் அவனும் நின்றான். நான் டிஸ்க்கைப் பார்த்தால் அவனும் குனிந்து பார்த்தான்.

"என் கண்ணன்..." என்று பிச்சையம்மாள் டிவி மேல் கை வைத்தார். பயம் என்பது அவர் முகத்தில் இல்லை.

வானம். குச்சி. கொல்லை. அஞ்சடியில் நின்று வாயைத் திறந்து கூப்பிட்டான். மூன்று தடவை. சத்தம் இல்லை. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினார். உஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான்.

"கூப்புடுறான்ல? ஏன் தம்பி திரும்பலை?"



வானம்.

குச்சி.

அப்புறம் என் முகம். திரை முழுக்க.

என் காதோடு ஒட்டினாற்போல் அவன் வாய். பேசிக்கொண்டிருந்தான். கூப்பிடுவது இல்லை... பேச்சு. மைக்கில் பேசின மாதிரி, சிரித்துச் சிரித்து, நிறுத்தாமல்.

என் கை மேலே வந்தது.

இருட்டு.

1.06.

பிளேயர் தானாக டிஸ்க்கை வெளியே தள்ளியது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டாலும் ஓடவில்லை.

சாயங்காலம் கடையில் சூசைராஜிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, இதுல என்னத்தத் தேடச் சொல்றீங்க? படம் ஏத்துனா அடியில வளையமா நெறம் மாறியிருக்கும்ல? இது புது டிஸ்க்கு மாதிரி கெடக்கு. ஒரு தடவகூட எழுதல."

எனக்கு ஒரு பழக்கம். பேரை முதலில் எழுதிவிடுவேன், அப்புறம்தான் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போடுவேன். அன்றைக்குப் பேரை எழுதியதோடு விட்டிருக்கிறேன். கண்ணன் மைக்கில் பேசினது எந்தக் காலத்திலும், எந்த டிவிடியிலும் இருந்ததே இல்லை.

தெவசத்தன்று பிச்சையம்மாள் போன் பண்ணினார். அழவில்லை.

"ஒங்க காதுலதானே தம்பி பேசினான்? என்ன சொன்னான்?"

கேட்கவில்லை என்றேன். அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதே கேள்வியோடு போன் வருகிறது. அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

பிச்சையம்மாளுக்கு நான் தர வேண்டியது அவர் மகன் பேசின ரெண்டு நிமிசப் பேச்சு. இன்னும் தரவில்லை.