கொடையாளர் பஸ்ஸை ஓட்டிய வெர்னா

வெர்னா ஸ்டட்ஸ்மன் என்றால் இந்தியானாவின் அந்தச் சோளக்காட்டு ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் பயம்தான். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவளுக்கு வண்டி. அக்டோபரில் ஊர் அறக்கட்டளை தன் கொடையாளர்களை ஏற்றிக்கொண்டு சேவை அமைப்புகளைச் சுற்றிக் காட்டும் நாள் அது.

உயில் எழுதியும் நிலம் விற்றும் ஊர்க்காரர்கள் போட்ட பணம் அந்த அறக்கட்டளையில் குவிந்து கிடந்தது. யாருக்கு எதில் மனம் இளகும் என்று பார்த்து, பணத்துக்குக் கையேந்தி நிற்கும் அமைப்புகளோடு அவர்களைச் சேர்த்து வைப்பது இயக்குநர் பிரென்ட் ஹேவர்கேம்ப்பின் வேலை. வெர்னாவைக் கேட்டால் அவன் ஒரு கல்யாணத் தரகன். பெண் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளைக்கு விசிறிக்கொண்டே இருப்பவன்.

ஒரு வருஷம் இருபத்திரண்டு கொடையாளர்கள் ஏறினார்கள். மடியில் வான்கோழி சாண்ட்விச் பெட்டி. பிரென்ட் மைக்கைப் பிடித்தான்.

"நண்பர்களே, இன்னைக்கு நாம பார்க்கப்போறது கட்டடங்கள் இல்ல, நம்பிக்கை!"

"நம்பிக்கை கிடக்கட்டும். எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க, வண்டி நகரப் போகுது" என்றாள் வெர்னா.

மூன்றாவதாக நிறுத்திய இடம் மெதடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறை. அங்கே லோர்னா புரூயிட் என்பவள் இலவச உணவு வழங்கிவந்தாள். காபி குடிக்க வெர்னாவும் உள்ளே போனாள். ஆகஸ்டில் பழைய ஃப்ரீஸர் செத்துப்போய் இறைச்சி மொத்தத்தையும் குப்பையில் கொட்டியதை லோர்னா சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கார் விற்பனைக் கடைகளின் சொந்தக்காரி மொரீன் ஓபர்ஹோல்ட் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சுவர் வெறிச்சோடிக் கிடக்கே! பெரிசா சூரியகாந்தி வரைஞ்சா வர்றவங்களுக்கு மனசு நிறையும்ல? ஓரமா எங்க குடும்பப் பேரு, சின்னதா."

"பிரமாதம் மேடம்!" என்று குதித்தான் பிரென்ட்.

லோர்னா நன்றி சொல்லிவைத்தாள். அடுத்த வருஷ உதவித்தொகை பிரென்ட் கையில் அல்லவா இருக்கிறது! அதற்குள் கொடையாளர் ஒருவர் சாப்பாட்டு வரிசையில் நின்ற கர்ட்டிஸைப் படம் எடுக்கப் போனார். கர்ட்டிஸ் ஒரு காலத்தில் வெர்னாவின் பஸ்ஸில் போனவன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போனை உள்ள வைங்க சார். மிருகக்காட்சி சாலைக்கா வந்திருக்கீங்க?" என்றாள் வெர்னா.

எல்லோரும் திரும்பி ஏறிய பிறகு அவள் வண்டியைக் கிளப்பவில்லை. மைக்கைக் கையில் எடுத்தாள்.

"அந்தம்மாவுக்கு வேண்டியது ஃப்ரீஸர். சுவத்துல வரைஞ்ச பூவைப் பறிச்சு யாரும் ஆக்கித் திங்க முடியாது."

"வெர்னா, இது உங்க வேலை இல்ல" என்று பல்லைக் கடித்தான் பிரென்ட்.

"ஆமா, உங்க வேலை. நீங்க செய்யல, அதான் நான் செய்யறேன்."

மொரீனின் முகம் சிவந்துவிட்டது. "நான் அப்படி நினைக்கல..."

"நினைக்கலன்னுதான் நானும் சொல்றேன்."

வெர்னா மைக்கை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரியில் ஃப்ரீஸர் வந்து இறங்கியது. அடுத்த அக்டோபரில் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டினார்கள். வெர்னாவுக்கு அறக்கட்டளையின் ஆண்டு மலர் மட்டும் தபாலில் வந்தது. ஃப்ரீஸரைக் கட்டிப்பிடித்தபடி மொரீன், பக்கத்தில் பல் முழுவதும் தெரிய பிரென்ட். கீழே, 'ஓட்டுநர் வேரா ஸ்டெட்மன் கொடையாளர்களுடன் நெஞ்சைத் தொடும் உரையாடல் நடத்தினார்' என்று போட்டிருந்தது.

"பேரைக்கூட ஒழுங்காப் போடத் தெரியல. இவன் ஊரை இணைக்கிறானாம்!" என்று அதைக் குப்பையில் எறிந்தாள் வெர்னா.

நவம்பரில் வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கறி வந்தபோது, அடுக்க ஆள் இல்லை என்று லோர்னா கூப்பிட்டாள். வெர்னா போய்ப் பார்த்தால் ஃப்ரீஸர் கதவு பாதிதான் திறந்தது. ஓபர்ஹோல்ட் குடும்பத்தின் பேர் பொறித்துக் கதவில் திருகியிருந்த பித்தளைத் தகடு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, விளிம்பைத் தாண்டிப் பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?"

"ஐயோ, வேணாம் வெர்னா! பிப்ரவரியில மறுபடி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடணும்."

வெர்னா ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்தாள். பிறகு உடம்பை ஒருக்களித்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.