மாட்டுக்கு ஐம்பது சென்ட்

1974 நவம்பர் 16, சனிக்கிழமை. காலை ஒன்பது இருபது. வெளியே இருபத்தாறு டிகிரி பாரன்ஹீட், பொடிப்பொடியாகப் பனித்தூறல். லாசாலில் என் அபார்ட்மென்ட் வாசலில் ஆர்மானின் டிரக் வந்து நின்றது.

ஆர்மான் யார் என்று கேட்பீர்கள். என் மனைவியும் அவர் மனைவியும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். ஒரே குளிர்காலத்தில், பதினெட்டு நாள் இடைவெளியில், இரண்டு கட்டில்களும் காலியாகின. அதிலிருந்து, மகள் வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் என் மூன்றாவது மாடிக்கும் ஏறி வருவார். பலகை விரித்து செக்கர்ஸ் ஆடுவோம். இரண்டு வருஷத்தில் நூற்றொன்பது ஆட்டம். நான் ஜெயித்தது அறுபத்தொன்று, அவர் நாற்பத்தெட்டு. தோற்றவர் ஸ்கோர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் வைத்த சட்டம்.

"கையெழுத்து இல்லாத காகிதம் வெறும் குப்பை, ஆர்மான்" என்பேன். சிரித்துக்கொண்டே போடுவார்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் என்னோடு பேசுவது ரேடியோ. மகன் வான்கூவரில். மாதம் ஒரு போன், சராசரி நான்கு நிமிஷம்.

அன்று ஆட்டம் இல்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்கிற ஊர்ப் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் மாடு வளர்ப்பவர்களின் ஓட்டெடுப்பு. ரிட்டயரான புள்ளியியல் வாத்தியாரான நான்தான் ஓட்டு எண்ணுபவன்!

சுத்த சைவத்துக்கு அங்கே என்ன வேலை? கூப்பிட்டவர் ரங்கநாதன். மாம்பலத்துக்காரர். இங்கே கல்லூரியில் மாட்டுத் தீவனம் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

"சார், நீங்க வெஜிடேரியன். அதனாலதான் கூப்பிடறேன். ரெண்டு கட்சியிலயும் சேர மாட்டீங்க பாருங்க!"

"நீங்களும் வெஜிடேரியன்தானே?"

"எனக்குச் சம்பளமே மாட்டாலதான் வருது சார். நான் எண்ணினா நம்புவாளா?"

விஷயம் இதுதான். விற்கிற ஒவ்வொரு மாட்டுக்கும் ஐம்பது சென்ட் பிடித்துக்கொள்வார்கள். நாடு முழுக்கச் சேரும் அந்தப் பணத்தில் டி.வி. விளம்பரம், கொஞ்சம் ஆராய்ச்சி... ஜனங்கள் கோழிக்கு மாறிவிடாமல் மாட்டிறைச்சியே வாங்க வேண்டும் அல்லவா? இந்த வட்டாரம் அதில் சேருவதா, வேண்டாமா? ஓட்டு சமமாக விழுந்தால் சேரவில்லை என்று அர்த்தம்.

மாடு வளர்க்கிற ஆர்மானுக்கும் ஓட்டு உண்டு. டிரக்கில் பொரிந்து தள்ளினார். அவருடைய இங்கிலீஷும் என் முப்பது வார்த்தை பிரெஞ்சும் கலந்த பாஷை எங்களுடையது. தமிழில் தருகிறேன்.

"டொரான்டோல எவனோ கோட்டு போட்டவன் டி.வி.ல ஸ்டேக் காட்டறதுக்கு நான் காசு தரணுமா? என் கன்னுக்குட்டி என்ன சினிமாவுலயா நடிக்கப் போகுது?"

"வருஷத்துக்கு எத்தனை விக்கறீங்க?"

"பன்னிரண்டு."

"அப்போ ஆறே டாலர்தானே!"

"ஆறு டாலர் இல்லை, மிஸ்யே ராம். ஏலத்துல செக் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துக்குவான். என்னைக் கேக்காம. என் பொண்டாட்டி இருந்தா அவன் மூஞ்சியில கதவைச் சாத்தியிருப்பா." கியரை மாற்றினார். பிறகு, "புல் தின்கிறவன் நீ. மாடு வளர்க்கிறவன் கஷ்டம் உனக்கு எங்கே புரியப் போகுது!"

ஹாலில் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை. விதிகளை இரண்டு பாஷையிலும் படித்தார்கள். ரகசிய ஓட்டு. பெயரோ கையெழுத்தோ இருந்தால் சீட்டு செல்லாது. ஆர்மான் அப்போது பின்வரிசையில் யாரிடமோ கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்காது.

பக்கத்து அறையில் எண்ணினேன். மொத்தம் எண்பத்திரண்டு. வேண்டும் — நாற்பத்தொன்று. வேண்டாம் — நாற்பது. கையில் கடைசிச் சீட்டு. கொட்டை எழுத்தில் 'வேண்டாம்'. அதற்கு அடியில், கடைசி எழுத்தின் வால் சுழித்து, ஒரு கையெழுத்து.

அறுபத்தொரு தடவை பார்த்த வால் அது. எனக்குத் தெரியாதா?

இதைச் சேர்த்தால் சமம். ஆர்மான் ஜெயித்துவிடுவார். ரங்கநாதன் காபி வாங்கப் போயிருந்தார். அறையில் நான் மட்டும். சீட்டின் அடியில் அரை அங்குலம் கிழித்துவிட்டால் போதும்...

மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் எண்ணினேன். பிறகு அந்தச் சீட்டைத் தனியாக வைத்தேன்.

"என்ன சார், முகம் வெளுத்துப்போச்சு?" காபியோடு வந்த ரங்கநாதன் கேட்டார்.

"ஒண்ணு செல்லாது."

"ஒண்ணுதானே, விடுங்கோ!"

முடிவைச் சொன்னார்கள்: வேண்டும் நாற்பத்தொன்று, வேண்டாம் நாற்பது, செல்லாதது ஒன்று. பாதி ஹால் கைதட்டியது. வெளியே டிரக் பக்கத்தில் ஆர்மான் நின்றிருந்தார்.

"செல்லாத சீட்டு ஏன் செல்லாது?"

"கையெழுத்து இருந்தது."

"கையெழுத்து இல்லாத காகிதம் குப்பைன்னு சொன்னது யாரு? நீதானே? பேரை மறைச்சு ஓட்டுப் போட நான் என்ன திருடனா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா நின்றிருக்கலாம். தோளைத் தொட்டிருக்கலாம். நான் பர்ஸை எடுத்தேன். ஐந்து டாலர் நோட்டு ஒன்று, ஒரு டாலர் நோட்டு ஒன்று.

"இந்த வருஷத்து ஆறு டாலரை நான் தரேன், ஆர்மான்."

அவர் நோட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா உன் எதிர்ல உக்காந்தேனே... இவ்வளவுதானா என்னைத் தெரிஞ்சுது உனக்கு?"

டிரக் கதவு சாத்தப்பட்டது. வண்டி போய்விட்டது. ரங்கநாதனுக்கோ கூட்டம் முடிய நேரமாகும். டாக்ஸிக்குச் சொல்லி, ஹால் படியில் நாற்பது நிமிஷம் நின்றேன்.

மூன்று சனிக்கிழமைகளாக அவர் வரவில்லை. நேற்று அவர் மகள் வீட்டுக்குப் போன் செய்தேன். "பப்பா இப்பத்தான் கிளம்பினார், மிஸ்யே" என்றாள் அந்தப் பெண், பாவம், தயங்கித் தயங்கி. மகள் வீடு என் வீட்டிலிருந்து மூன்றே தெரு. ஜன்னலோரம் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பதினேழு கார்கள், இரண்டு பஸ்கள் போயின.

சீட்டு செல்லாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நாளைக்கு எண்ணச் சொன்னாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு மனுஷன் 'முடியாது' என்றதற்கு விலை போட்டு நீட்டினேனே, அது என் தப்பு. கணக்குத் தெரிந்தவர்கள் செய்கிற தப்பு. தொகையைச் சொல்லிவிட்டால் விவகாரம் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம், இல்லையா?

அன்றைய செலவுக்குப் பில் அனுப்பச் சொல்லி ரங்கநாதன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அனுப்பப் போவதில்லை. டாக்ஸி என் செலவாகவே இருக்கட்டும்: பதினொரு டாலர், இருபது சென்ட்.