ஈரம் தாங்காத தூள்

கண்ணாடிக் குப்பியிலிருந்த வெள்ளைத் தூளை அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அடையாறு ஆய்வகத்தில் அவர் எனக்கு சீனியர். அபிராமபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். உலோக அணுக்களைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கழிகளாகவும் வைத்துக் கட்டிய சாரம் போன்றது அந்தத் தூள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள். ஆலைப் புகையை அதன் வழியே விட்டால் கரியமில வாயு மட்டும் அறைகளில் தங்கும், மற்றவை வெளியேறிவிடும். அக்காவின் தூள் பிடித்த அளவுக்கு எங்கள் ஆய்வகத்தில் எதுவும் பிடித்ததில்லை. எங்கள் வழிகாட்டியான சார், கட்டுரையை அனுப்பத் தயாராக இருந்தார். வெளிநாட்டில் வேறொரு குழு இதையே செய்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அக்காவின் உதவித்தொகையும் முடியப்போகிற நேரம்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி அளந்தபோது தூள் பாதிகூடப் பிடிக்கவில்லை. கருவிக் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டோம். வேறு தூளை வைத்தால் கருவி சரியாகவே காட்டியது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாகச் செய்து, ஒரு பங்கை ஈரம் புகாத பெட்டியிலும் இன்னொன்றை மேசைமேல் திறந்தும் வைத்தார். மேசைமேல் இருந்தது மறுநாளே வீணாகிவிட்டது. காற்றின் ஈரம் கணுக்களின் கட்டை அவிழ்த்திருந்தது.

"காஞ்ச காத்துல அளந்தது பொய் இல்லையேம்மா. அனுப்பிடலாம்," என்றார் சார்.

"பொய் இல்ல சார். ஆனா புகைபோக்கியில காஞ்ச காத்தா வரும்?" என்றார் அக்கா.

சார் எழுந்து தன் அறைக்குப் போனார். அதன்பின் அவர் அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு மாலை அவரே அக்காவின் மேசைக்கு வந்து, "கட்டுரையை நிறுத்திட்டேன். அடுத்து என்ன செய்யப்போற?" என்றார்.

கணுக்களில் இருந்த துத்தநாகத்தை விட்டு, இன்னும் இறுகப் பிடிக்கும் ஜிர்கோனியம் என்ற உலோகத்துக்கு மாறினார் அக்கா. அதற்குள் அந்த வெளிநாட்டுக் குழு கட்டுரை வெளியிட்டு முந்திக்கொண்டது. உதவித்தொகை நின்றதும் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் காலையில் பாடம் எடுத்துவிட்டு, மதியம் ஆய்வகத்துக்கு ஓடிவருவார். புதிய தூள் முன்னதைவிடக் குறைவாகத்தான் பிடித்தது. ஆனால் அடுத்த மழைக்காலம் முழுவதும் திறந்தே கிடந்தும் அப்படியே இருந்தது.

போன மாதம் அக்கா போன் செய்தார். ஒரு ஆலையின் புகைபோக்கியில் அந்தத் தூளை எஃகுக் குழாயில் நிரப்பி மாட்டியிருக்கிறார்கள். வேலை செய்கிறதா என்று கேட்டேன்.

"இன்னிக்குச் செஞ்சுது," என்றார். "நாளைய நெனச்சாத்தான் பயமா இருக்கு."