பானகத்தில் அக்காவின் ஐஸ்

அக்காவின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது, மாதிரிக்கென்று அச்சகத்துக்காரர் பழைய மலர்கள் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் மறைந்தவர் யாரிடமும் அதிர்ந்து பேசாதவராகவே இருந்தார். என் அக்கா அதிர்ந்து பேசுவார். குழம்பில் உப்பு கம்மியென்றால் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளம். கோபம் வந்தால் கதவு அதிரும். அவரை நன்றாக அறிந்த உங்கள் கைக்கு வரும் மலரில் வேறு யாரையோ பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் போய் ஓராண்டு ஆகப்போகிறது.

அக்கா பிறந்து வளர்ந்தது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில். அப்பா மல்லாட்டை பயிரிட்டு, அந்தக் கடலை விற்ற காசில் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அக்கா கல்லூரியில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அன்றோடு அம்மா கறி, மீனை விட்டார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அப்பா பெயரில் வாசலில் பந்தல் போட்டு, மலை சுற்றுகிறவர்களுக்குப் பானகம் கொடுக்கத் தொடங்கினார். அக்காவோ படிப்பை விடாமல் வேலூர்ப் பக்கம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அவர் கல்யாணத்தைப் பற்றி விசாரித்த உறவினர்களும் இதைப் படிப்பீர்கள். அக்கா சொன்ன பதில் உங்களுக்கே நினைவிருக்கும், அதை அச்சில் ஏற்ற முடியாது.

அவருடைய ஆராய்ச்சி ஆட்டு ஈரலில். உடம்புக்குள் சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றனவாம். அப்படி ஒன்றை ஈரலிலிருந்து தனியாகப் பிரித்து, அதன் எடை என்ன, எந்தச் சர்க்கரையைப் பிடிக்கிறது, எவ்வளவு சூடு தாங்கும் என்று கண்டறிவதுதான் வேலை. அம்மா இதை அரைகுறையாகக் கேட்டு, மகள் சர்க்கரை வியாதிக்கு மருந்து கண்டுபிடிப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். லீவில் வந்தால் மாத்திரை அட்டையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். “அந்த சர்க்கரை வேறங்க” என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அலுத்துப்போனது.

எனக்கு ஒருநாள் சொன்னார். “கண்ணாடிக் குழாய்ல சின்னச் சின்ன மணி ரொப்பி வெச்சிருப்போம்டா. மணி மேல பால் சர்க்கரை ஒட்டியிருக்கும். ஈரல் சாறை ஊத்தினா மத்ததெல்லாம் ஓடிடும். இது மட்டும் சர்க்கரைய புடிச்சிக்கினு நிக்கும்.”

“அப்பறம் எப்படி எடுப்ப?”

“அதே சர்க்கரைய தண்ணியில கரைச்சு ஊத்தணும். ஊத்தின சர்க்கரைய புடிச்சிக்கினு மணிய விட்டுடும்.”

ஈரல் கொஞ்சம் சூடானாலும் புரதம் கெட்டுவிடும். அதனால் நகரத்தில் எங்களுக்குப் பழக்கமான கறிக்கடை பாய், ஆடு அறுத்த கையோடு அக்காவுக்கு எடுத்துக் கொடுப்பார். அக்கா அதைக் கவரில் போட்டு ஒட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மேலே ஐஸை நிரப்பி வேலூருக்குக் கொண்டுபோவார்.

ஒருமுறை அது பௌர்ணமியில் வந்து மாட்டியது. கூட்டத்துக்காகப் பஸ்களைத் திருப்பி விட்டிருந்தார்கள். பெட்டியைப் பின்கட்டில் வைத்துவிட்டு, பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கப் போனார் அக்கா. அதே கூட்டத்தில் அம்மாவுக்கு ஐஸ் கொண்டுவருகிறவர் வந்து சேரவில்லை. பந்தலில் வரிசை நின்றது. பெட்டியில் ஐஸைப் பார்த்த அம்மா, மகள்தான் வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அள்ளி அள்ளிப் பானக அண்டாவில் போட்டார். அண்டா காலியாகி அடுத்த தடவை அள்ள வந்தபோதுதான் அடியில் ஈரல் தெரிந்தது.

அக்கா திரும்பி வந்தபோது பந்தலில் யாரும் இல்லை. அம்மா கிணற்றடியில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தார்.

“கவரு பிரிக்கவே இல்லமா. ஐஸ் சுத்தமானதுதான்.”

“உங்கப்பா பேர்ல ஊத்தினதுடி அது. இனிமே உன் கையால பச்சத்தண்ணிகூட குடிக்கமாட்டேன்.”

ஐஸ் இல்லாமல் கிடந்த ஈரலும் கெட்டுப்போனது. அக்கா அன்று அழுதது ஈரலுக்காக இல்லை.

அம்மா சொன்னால் சொன்னதுதான். பந்தல் நின்றுபோனது. அக்கா வீட்டுக்கு வந்தால் அம்மா விதவிதமாகச் சமைத்துப் போடுவார், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார். அக்கா காபி போட்டு நீட்டினால் மட்டும், “வெச்சிட்டுப் போ” என்பார். காபி ஆறிக்கிடக்கும். அக்காவின் புரதம் கலப்பில்லாமல் பிரிந்து, சோதனையில் ஒற்றைக் கோடாகத் தெரிந்த அன்று, அந்தப் படத்தைப் போனில் அனுப்பினார். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். டாக்டர் பட்டம் வாங்கி வந்து அக்கா நீட்டிய லட்டையும் என் கையில் கொடுக்கச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டார். அக்கா சிரித்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அன்று சத்தமே வரவில்லை.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கடைசியில் அக்காவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை, பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினோம். அப்படி ஒரு சாயங்காலம் அம்மா டம்ளரில் பானகம் கரைத்துக்கொண்டு வந்தார். யாருக்கென்று எனக்குப் புரியவில்லை. டம்ளரை அக்காவின் கையில் வைத்தார்.

“குடும்மா. உன் கையால குடு எனக்கு.”

அக்கா டம்ளருக்குள் பார்த்தார். “ஐஸ் போட்டியா?” என்றார்.

“போடல.”

“போட்டிருக்கலாம்.”

அந்தக் கையில் டம்ளரைத் தூக்கும் தெம்பில்லை. அம்மா தன் கையால் அக்காவின் கையைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, டம்ளர் காலியாகும்வரை குடித்தார். பாதி புடவையில் சிந்தியது.

மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார். எடுக்கும் நேரம் வந்தும் அம்மா அந்தக் கையை விடவில்லை. உறவுக்காரப் பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள், நானும் பிரித்துப் பார்த்தேன். அக்கா சொன்ன கண்ணாடிக் குழாய் அப்போது நினைவுக்கு வந்தது. எதை ஊற்றினால் அம்மா விடுவார் என்று கேட்க எனக்கு அக்கா இல்லை.

வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், வேலூரிலிருந்து ஓடி வந்த அவருடைய ஆய்வுத் தோழிகளுக்கும், கடையைச் சாத்திவிட்டு வந்து சுடுகாடுவரை தோள்கொடுத்த பாய்க்கும், கூட நின்ற உறவினர், அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திதிக்கு வரும் நீங்கள் பௌர்ணமிவரை இருந்து போனால் எங்களுக்கு ஆறுதலாக இருக்கும். வாசலில் மறுபடியும் பந்தல் போட்டிருக்கிறோம்.

போன பௌர்ணமியிலேயே அம்மா தொடங்கிவிட்டார். ஐஸுக்குப் புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்று அக்காவின் தெர்மோகோல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். அதன் பக்கவாட்டில் அக்காவின் கையெழுத்து இன்னும் அழியவில்லை. டம்ளரை வாங்கிய ஒரு பெண், ஓரம் உடைந்த அந்தப் பழைய பெட்டியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

“எம்பொண்ணு பெட்டிங்க” என்றார் அம்மா. “ஐஸ் சுத்தமானதுதான். குடிங்க.”