பீலியைக் கழட்ட வந்தவர்

போன வாரம் அம்மாவைப் பார்க்கப் போன பஸ், கண்டி மஹய்யாவைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது நின்றதுதான். வீதியின் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மறு பாதியில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். யன்னல் வழியாக ஒரு வாசனை உள்ளே வந்தது. பல வருடம் மூடிக் கிடந்த சிவப்பு மண், துருப்பிடித்த குழாயில் தேங்கிய தண்ணீர், கொஞ்சம் தார். பக்கத்து சீட்டுப் பெண் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மல்லிகைப் பூவை முகர்வதுபோல் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் முதல் சம்பளம் அந்த வாசனையில்தான் வந்தது என்பதை பஸ்ஸில் வைத்து எப்படி விளக்குவது?

கண்டியில் வீதி தோண்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர்க்காரர் தோண்டி மூடிவிட்டுப் போவார். தார் காய்வதற்குள் டெலிபோன்காரர் வந்து அதே இடத்தைத் தோண்டுவார். அவர் மூடியதும் வீதியோரத் தண்ணீர் ஓடும் கான் கட்டுகிறவர் வருவார். இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் நான் வேலை பார்த்த திட்டம் வந்தது. குடிதண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கான் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தோண்டி, புதிதாகப் போட்டு, மேலே கொங்கிரீட் வீதி அமைத்து, இனி யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுவது. காகிதத்தில் பார்த்தால் அதில் ஒரு குறையும் கிடையாது.

அந்தத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த பதவியின் பெயர் சமூக இணைப்பாளர். அது என்ன வேலை என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. "எம் மக பைப்புக் கந்தோர்ல இஞ்சினியருக்கு அடுத்த ஆளு" என்று எங்கள் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இஞ்சினியருக்கு அடுத்தபடியாக நான் செய்தது, அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்ததுதான்.

அவர் பெயர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுக்குக் கிட்டிய வயது. சத்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மட்டும் கந்தோர் முழுக்க மோர்மிளகாய் வாசனை வந்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உங்கடை ஒழுங்கை சரியில்லை, வடிவா அளக்கவேணும்" என்றார். என் ஒழுங்கைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கை என்றால் அவர் ஊரில் சந்து என்று பின்னேரம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கெதியா என்றால் சீக்கிரம், வெளிக்கிடு என்றால் புறப்படு, கோவிக்கினம் என்றால் கோபிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கற்றுத் தேறினேன். அவருடைய தமிழ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்ற இறுமாப்பு வந்துவிட்டது. கந்தோரில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். தமிழுக்கும் தமிழுக்கும் ஒருவர் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இங்கே எங்கள் பீலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சந்து வளைகிற இடத்தில், மேட்டிலிருந்து இறங்கும் ஊற்றுத் தண்ணீரை ஓர் இரும்புக் குழாய் வழியாக விழ வைத்திருந்தார்கள். கீழே சீமெந்துத் தளம். வருடம் முழுக்க நிற்காமல் கொட்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் அப்போது குழாய் கிடையாது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அந்தப் பீலிதான். காலையில் குடங்கள் வரிசையாக நிற்கும். வரிசையைப் பார்த்துக்கொள்வது பிலோமினா அக்கா. அவரை யாரும் நியமிக்கவில்லை, ஆனால் அவரை மீறிக் குடத்தை நகர்த்திய ஒருவரும் எங்கள் சந்தில் நிம்மதியாக வாழ்ந்ததில்லை. எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும் முன் பீலிக்கரைக்குத் தெரிந்துவிடும். எனக்கு வேலை கிடைத்த செய்தியையும் நான் அங்கேதான் கேட்டேன்.

எங்கள் சந்து மக்களுக்குத் திட்டத்தை விளக்கும் கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. அங்கே இருந்ததெல்லாம் குழந்தைகள் உட்காரும் சின்னக் கதிரைகள். சிவநேசன் சேர் அதில் ஒன்றில் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் நாடியைத் தொட்டன. அந்த நிலையிலும் அவர் மரியாதை குறையாமல் பேசினார். சந்து ஒடுக்கம். மண் தோண்டும் பெக்கோ மெசின் உள்ளே வந்தால் வீட்டுக் கூரைகளின் ஓரத்தில் மோதும். அதுதான் அவருடைய கவலை.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பீலி என்றால், மழைத் தண்ணீர் வழிந்தோடக் கூரை விளிம்பில் பூட்டும் தகரம். நாங்கள் அதைக் கட்டர் என்போம். இது இப்போது உங்களுக்குத் தெரியும். அன்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்த எனக்கும் தெரியாது.

"பெக்கோ உள்ளுக்கு வாறதுக்கு முதல் பீலியைக் கழட்டவேணும்" என்றார் சேர்.

பின்வரிசையில் இருந்தவர்களும் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

"என்னாத்த கழட்டணும்?" என்றார் பிலோமினா அக்கா.

"பீலியை. பழசாப் போச்சு, துருப்பிடிச்சுக் கிடக்கு. பாத்தனான், நெடுக ஒழுகிக்கொண்டிருக்கு."

"ஒழுகத்தானேங்கய்யா பீலி!"

சேர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "நாங்கள் பிளாஸ்டிக்கில வடிவாப் பூட்டித் தருவம். ஒரு சொட்டும் கீழை விழாது. எல்லாம் நேரை கானுக்குள்ளை போயிடும்."

அம்மா எழுந்துவிட்டாள். "தண்ணிய கான்ல விடுறதுக்கா எங்க பீலியக் கழட்டுறீங்க? அது வரைக்கும் நாங்க என்னா பண்றது?"

"வேலை முடியுமட்டும் பீலி இல்லாமல் சமாளிக்கலாம்தானே அம்மா. இப்ப மழையும் இல்லை."

"மழ இல்லாட்டி குளிக்க வேணாமா?"

சேர் உண்மையாகவே குழம்பிப் போனார். "குளிக்கிறதுக்கும் பீலிக்கும் என்ன சம்பந்தம்?"

அதோடு கூட்டம் முடிந்தது. முடிந்தது என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தத் தொடங்கினார்கள். சேர் எழுந்திருக்கப் பார்த்தார், கதிரையும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் குனிந்து, "பிள்ளை, இவை ஏன் கோவிக்கினம்?" என்று கேட்டார். இணைத்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் சொன்னது, "நீங்க செய்றது நியாயமா சேர்?" என்னிடமும் மறைத்துவிட்டார்களே என்று நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனால் அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறது, எனக்கு மட்டும் கோப்பை இல்லை.

"பீலியக் கழட்டுற கந்தோர்க்காரிக்கு இங்க தேத்தண்ணி கெடையாது. போயி ஒங்க பிளாஸ்டிக் பைப்புல புடிச்சுக் குடி."

சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அன்று எனக்குப் பயமாக இருந்தது. பீலி போய்விட்டால் பெரிய வீதியில் உள்ள பொதுக் குழாய்தான் கதி. அதில் தண்ணீர் வருவதும் வராததும் அதன் இஷ்டம். முழங்கால் வலியோடு அம்மா அந்த ஏற்றத்தில் குடத்தைச் சுமக்கப் போகிறாள். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தையும் விட முடியாது. படுத்தபடி இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து அழுதேன். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே அழுதேன். அவள் குறட்டை விட்டாள்.

மறுநாள் நான் கந்தோருக்குப் போகவில்லை. பெண்கள் எல்லோரும் வாளி, குடங்களோடு பீலியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன், ஒருவரும் இடம் விடவில்லை. பத்து மணியளவில் சேர் குடையோடு இறங்கி வந்தார். என் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நான் பதில் தேடுவதற்குள் அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"இந்தா இருக்கு. கழட்டுங்க பாப்போம்."

சேர் குழாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "இதையோ? இது ஊத்துக் குழாயெல்லே. இதை ஆர் கழட்டப் போறது?"

"நீங்கதானே சொன்னீங்க, பீலியக் கழட்டணும்னு!"

"ஐயோ அம்மா, பீலி இங்கை இல்லை. அங்கை!" என்று குடையின் நுனியால் பிலோமினா அக்கா வீட்டுக் கூரையைக் காட்டினார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். துருப்பிடித்த தகரம் ஒன்று பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அட, அது கட்டருங்க!" என்றார் பிலோமினா அக்கா. "அதக் கொண்டு போங்களேன், யாரு வேணாம்னா?"

அன்று பீலிக்கரையில் எழுந்த சிரிப்பு சேருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. பிடிபட்டதும் அவரும் குடையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இந்தா பாருங்கோ, உங்கடை குழாயில நாங்கள் கையே வைக்கேல்லை" என்று காட்டுவதற்காக வரைபடத்தை விரித்தார்.

விரலால் சந்தைத் தொடர்ந்து வந்தார். வளைவில் விரல் நின்றது. திரும்பவும் மேலிருந்து வந்தார். திரும்பவும் அங்கேயே நின்றது.

"பிள்ளை, இது படத்தில இல்லை."

எங்கள் பீலி அந்தப் படத்தில் எங்குமே இல்லை. அளந்தவர்களுக்கு அது யாரோ ஒரு வீட்டுக் குழாயாகத் தெரிந்திருக்க வேண்டும். பீலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தது. கழிவுக் குழாய்க்கான மேன்ஹோல் குழி. யாரும் கழட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள், பெக்கோ வந்து ஒரு காலையில் வாரிக்கொண்டு போயிருக்கும். ஒரு சொல் மாறி விழுந்திருக்காவிட்டால் யாரும் அந்தப் படத்தை அங்கே விரித்திருக்கப் போவதில்லை. சேரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

கழிவுக் குழாயைச் சந்தின் மறு பக்கத்துக்கு மாற்றலாம் என்றார் சேர். ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளின் வாசற்படிகளை உடைக்க வேண்டி வரும். அதில் எங்கள் படியும் ஒன்று. அப்பா கடைசியாகக் கட்டியது, சிவப்புச் சீமெந்து பூசி அம்மா வாராவாரம் மெழுகி மினுக்குவது. அதில் செருப்போடு ஏறிய விருந்தாளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் கிடைக்காது.

அம்மா படியைப் பார்த்தாள். பிறகு பீலியைப் பார்த்தாள்.

"படிய ஒடைச்சுக்கங்க. நாங்க ஏறிக் குதிச்சுப் போய்க்கிறோம். பீலியில மட்டும் கை வைக்காதீங்க" என்றாள்.

சேர் கந்தோருக்குப் போய் திட்டத்தின் தலைவரான பெரிய மஹத்தயாவோடு வாதாடினார். சிங்களத்தில் ஊற்றுக் குழாய்க்கும் கட்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான். அதனால் கூட்டத்தில் எதற்குச் சண்டை என்றே மஹத்தயாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். படிகள் உடைந்தன. வேலை முடியும் வரை ஒரு பலகையில் ஏறித்தான் வீட்டுக்குள் போனோம். அம்மா ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை, எனக்குத் தேத்தண்ணியும் திரும்பக் கிடைத்தது. திட்டம் முடிந்தபோது பீலிக்குப் புதுக் குழாயும், தளத்துக்கு நீல ஓடுகளும் பதித்துக் கொடுத்தார்கள். கூரைகளுக்குப் பிளாஸ்டிக் கட்டரும் வந்தது. எல்லாவற்றையும்விட, வீட்டுக்கு வீடு குழாய் வந்தது.

முதலில் குடிதண்ணீர் வீட்டுக் குழாயில், குளிப்பு பீலியில் என்று இருந்தது. பிறகு துவைக்க மட்டும் போனார்கள். அம்மா சுடுதண்ணீர் வரும் ஷவர் ஒன்றைப் பூட்டச் சொல்லி என்னை அரித்தெடுத்தாள். பிலோமினா அக்காவுக்குப் பார்த்துக்கொள்ள வரிசை இல்லாமல் போனது. யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது கல்யாணக் காட் வந்த பிறகுதான் தெரிகிறது.

சிவநேசன் சேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வருடா வருடம் பொங்கலுக்கு அம்மாவோடு போனில் பேசுவார். "அம்மா, உங்கடை பீலி சுகமோ?" என்பார். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். இந்தப் பொங்கலுக்கும் கேட்டார். "நல்லா வருதுங்க சேர்" என்றாள் அம்மா.

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஏனோ பீலியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வளைவு வரை நடந்து போனேன். நீல ஓடுகளின் மேல் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். குழாயின் வாயில் சிலந்தி வலை. மேட்டில் புதிதாக எழும்பியிருந்த மாடிக் கட்டடத்தின் அத்திவாரம் ஊற்றை எங்கோ அடைத்திருக்க வேண்டும். பிலோமினா அக்காவைக் கேட்டேன். "போன மாசம் வந்துச்சே" என்றார். அவருடைய மகன், "இல்லம்மா, போன வருஷமே நின்னுருச்சு" என்றான். இன்னும் பல வீடுகளில் விசாரித்தேன். ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். குடத்தோடு வந்து மறியல் செய்த பெண்களில் ஒருவருக்கும் அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாதம் தவறாமல் அந்தச் சந்துக்குப் போய் வருகிற எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"நேத்து ராத்திரிகூட சத்தம் கேட்டுச்சே" என்றாள்.

நான் புறப்படும்போது வாசல் வரை வந்து, "சேர்கிட்ட சொல்லிறாத" என்றாள்.