லாபம் என்று தொடங்கிய காமாக் கதிர்கள்

இந்த வெளிநாட்டு ஊரில் முட்டையை மூடிய அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். மேலே பன்னிரண்டு என்று அச்சிட்டிருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் கடையிலேயே திறந்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிய பிறகே வாங்குகிறேன். கல்லாவில் இருக்கும் அம்மாள் ஒருநாள், "ஏதாவது உடைந்திருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, சரியாக இருக்கின்றன" என்றேன். சரியாக இருப்பதை எதற்குத் திறந்தேன் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எண்ணுவதுதான் இங்கே என் பிழைப்பு. நம் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களைக் காற்று மண்டலம் தரைவரை விடாது. ஆகவே ஒரு தொலைநோக்கியைச் செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்பியிருக்கிறார்கள். கதிர் ஒன்று அதில் விழுந்தால் எங்கள் ஆய்வுக்கூடத்துக் காகிதச் சுருளில் ஒரு கோடு துள்ளி எழும். ஒரு சுருளுக்கு ஐந்தாறு தேறினாலே பெரிது. ஒரே நொடியில் கும்பலாக வந்தால் அது கருவிக் கோளாறாம். பென்சிலால் வட்டமிட்டு ஒதுக்கவேண்டும். எனக்கு மனம் வராமல் அந்த நேரங்களை மட்டும் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறேன்.

நான் சுருளைப் பார்த்து வாய்விட்டு எண்ணுவேன். நாற்பத்தைந்து வயதில் எண் தமிழில்தான் வருகிறது; அதற்குப் பேராசிரியர் அனுமதி உண்டு. எதிரே டோரதி என்ற உதவியாளர், என் குரலுக்கு ஒருமுறை வீதம் கையிலுள்ள எண்ணும் கருவியை அழுத்துவாள். இரண்டு தொகையும் ஒத்துப்போகவேண்டும்.

போகவில்லை. திங்கள்: நான் ஏழு, டோரதி ஆறு. செவ்வாய்: நான் ஐந்து, டோரதி நான்கு. மறுபடி எண்ணினோம், மறுபடியும் ஒன்று குறைந்தது. புதனன்று பேராசிரியர், "கருவிக்கு மறதி கிடையாது. வெள்ளிக்குள் காரணம் தெரியாவிட்டால் வேறு ஆளை உட்காரவைப்பேன்" என்றார். அந்த நாற்காலி போனால் விசாவும் போகும்.

வியாழன் மாலை சமையலறையில் என் மனைவி கனகத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"அம்புட்டு ஒசரத்துக்கு ராக்கெட்டு விட்டுட்டு, கடேசியில உங்க வாயத்தான் நம்பியிருக்காகளாக்கும்? சரி, இந்த முட்டைய எண்ணுங்க. நான் கரண்டியத் தட்டுறேன்."

எண்ணினேன். தட்டினாள். கணக்குச் சரியாக வந்தது.

"செத்த இருங்க" என்றாள். "லாபம்னா ஒண்ணுன்னு எனக்குத் தெரியும், தட்டிட்டேன். அந்தப் பிள்ளைக்கு யாரு சொன்னா?"

திண்டுக்கல் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த நாட்களில், விடுமுறையில் மாமனாரின் தானிய மண்டியில் நிற்பேன். ஒருநாள் கன்னிவாடிக்காரர் ஒருவரின் சோளத்தை மரக்காலில் "ஒண்ணு" என்று அளக்கத் தொடங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, காலேசுல இதத்தான் சொல்லிக் குடுக்கிறீகளா? மொத மரக்காலயே ஒண்ணுன்னா வெளச்சல் ஒண்ணோட நின்னுரும்ல. திருப்பிக் கொட்டுங்க. லாபம்னு சொல்லி அளங்க." மண்டியே சிரித்தது. அன்றோடு என் வாயிலிருந்து ஒன்று என்ற எண் போய்விட்டது. அது போனது எனக்கே தெரியாது.

வெள்ளி காலை டோரதியைக் கேட்டேன். "அந்த முதல் சொல்லா?" என்று அவள் கண்ணை விரித்தாள். "அது உங்கள் பிரார்த்தனை என்று நினைத்தேன். பிரார்த்தனையின் நடுவில் அழுத்துவது மரியாதையில்லை என்று காத்திருப்பேன்."

இதைக் கேட்ட பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். விடுபட்ட கதிர்கள் எல்லாம் கணக்கில் ஏறின, நாற்காலியும் தப்பியது. "திங்கள் முதல் ஆங்கிலத்தில் எண்ணு" என்பது மட்டும் உத்தரவு.

ஞாயிறு முழுவதும் பயிற்சி செய்தேன். கனகம், "ஒண்ணாங்கிளாசுல சேந்துட்டீகளா?" என்று கேட்டபடி காய் நறுக்கினாள்.

திங்களன்று சுருளில் முதல் கோடு எழுந்தது. "ஒன்" என்றேன், பிசகாமல். அதே கணத்தில் எதிரே டோரதி, எனக்காக மனப்பாடம் செய்து வந்தவள், மிகுந்த கவனத்தோடு "லாபம்" என்று சொல்லி அழுத்தினாள். இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். எங்கிருந்து புறப்பட்டது என்று யாருக்கும் தெரியாத அந்தக் கதிர், இரண்டு பெயரோடு வந்து, கருவியில் ஒன்றாகவே பதிவாகியிருந்தது.